சின்ன சிப்பர் வாங்கும் முன்: இஞ்ச் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மரம் கழிக்கும் வேலை செய்கிறேன். இந்தத் தொழிலில் புதிதாக இறங்கும் தம்பிகள் சிப்பர், அதாவது கழித்த கிளையைச் சில்லுகளாக அரைக்கும் மெஷின், வாங்க நினைத்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை இஞ்ச் கிளை போகும்?" கடைக்காரரும் அதற்குத்தான் பதில் வைத்திருப்பார். நாலு இஞ்ச் என்பார், அஞ்சு இஞ்ச் என்பார். அந்த எண்ணை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நாம் அன்றாடம் கழிப்பது எப்படிப்பட்ட கிளை, அதை உள்ளே தள்ளுபவரின் கை கத்தியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்ற இரண்டையும் யாரும் கேட்பதில்லை. நல்ல மெஷினா இல்லையா என்று முடிவு செய்வது இந்த இரண்டும்தான்.

சிப்பர் நம் ஊருக்குத் தேவையா என்றால், கட்டாயம் தேவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது நம் தலைமேல்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் தெருவோரத்தில் மலையாகக் குவியும் தழையைப் பாதி கொளுத்துகிறோம், மீதியை ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் தள்ளுகிறோம். புயல் இல்லாத நாளிலும் இதே கதைதான். டாடா ஏஸ் வண்டியில் கொப்பும் தழையுமாக ஏற்றினால் வண்டி நிறைந்துவிடும், ஆனால் எடை இருக்காது. டீசல் போட்டுக் காற்றை ஏற்றிப் போகிறோம். அரைத்து ஏற்றினால் பல நடை ஒரே நடையாகிவிடும்.

சரி, இஞ்ச் கணக்குக்கு வருவோம். கடையில் சொல்லும் நாலு இஞ்ச் என்பது நேரான, பக்கக் கொப்பு இல்லாத, பச்சையான, மெதுமரத்துக்கான அளவு. வேம்பும் புங்கனும் அப்படி வளர்வதில்லை. அடியில் இரண்டு இஞ்ச் கனமுள்ள வேப்பங்கிளை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள்: ஒரு முழத்துக்குள் கவை பிரியும், அந்தக் கவை மறுபடி பிரியும், நுனியில் இரண்டடி அகலத்துக்குத் தழை விரிந்து நிற்கும். அடிப்பகுதி மெஷினுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். கவை வாயில் வந்து குறுக்கே நிற்கும். அதை வெளியே இழுத்து, அரிவாளால் பிளந்து, திரும்ப விட வேண்டும். வாய் சின்னதாக இருந்தால் இதற்கென்றே நாள் முழுக்க ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கும், அவர் கூலி மெஷினின் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே டேப் எடுத்துப் போய் வெளிவாயின் அகலத்தையும், கத்திக்கு முன்னால் இருக்கும் உள்வாயின் அகலத்தையும் அளந்து பாருங்கள். உள்வாய் குறுகலாக இருந்தால் வெளியே புனல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பலனில்லை.

என் அனுபவத்தில், கடையில் சொல்லும் அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் மெஷின் அலுக்காமல் நாள் முழுக்க ஓடும். ஏழு எச்.பி. பெட்ரோல் இன்ஜின் இரண்டு இஞ்சுக்கு நன்றாக ஓடும். பதினைந்து எச்.பி. என்றால் மூன்று இஞ்ச். காய்ந்து வைரம் பாய்ந்த வேம்பு, புளி, சீமைக்கருவேலம் எல்லாம் வந்தால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இது போதாதே என்று தோன்றலாம். ஆனால் நம் ஊரில் மூன்று இஞ்சுக்கு மேல் போனால் அது விறகு. விறகுக்கு ஆள் இருக்கிறது, விலை இருக்கிறது. விற்கக் கூடியதை எதற்கு அரைப்பது? நமக்குத் தொல்லை கொடுப்பது மிலாறு என்னும் மெல்லிய குச்சியும் தழையும்தான். அதனால் கனமான கிளைக்குப் பணம் கொடுக்காமல் அகலமான வாய்க்குக் கொடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்தது, கிளையை உள்ளே இழுப்பது எது? சின்ன மெஷின்கள் பெரும்பாலும் சரிவான வாய் கொண்டவை, கத்தியே கிளையைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். கத்தி கூராக இருக்கும் வரை இழுப்பு இருக்கும். மழுங்கினால் இழுப்பு நின்றுவிடும், உடனே நம் ஆள் கையால் தள்ளத் தொடங்குவார். விபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஹைட்ராலிக் ரோலர், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் சுழலும் உருளை, உள்ள மெஷின் தானே சீராக இழுக்கும். நல்லதில், இன்ஜின் வேகம் இறங்கினால் ரோலர் தானாக நின்று, வேகம் ஏறியதும் மறுபடி இழுக்கும். விலை அதிகம்தான். தினமும் ஓட்டும் குழுவாக இருந்தால் கடன் வாங்கியாவது ரோலருக்குப் போங்கள். பள்ளி வளாகம், தோட்டம் என்று வாரத்துக்கு ஒருநாள் ஓட்டுபவருக்குச் சரிவு வாயே போதும்.

பாகூர், பண்ருட்டிப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்கள் தனி இன்ஜினுக்குச் செலவழிக்க வேண்டாம். பின்பக்கச் சுழல்தண்டில், அதாவது பி.டி.ஓ.வில் மாட்டும் சிப்பர் கிடைக்கிறது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்க வேண்டும், உடைந்திருந்தால் மாற்றும் வரை ஓட்டக் கூடாது. கரண்டில் ஓடும் வீட்டு மெஷின்கள் சுமார் ஒன்றரை இஞ்சுக்கு மேல் தாங்காது. நீளமான மெல்லிய ஒயரில் இழுத்து ஓட்டினால் மோட்டார் போய்விடும்.

தென்னை மட்டையைப் பற்றிக் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. நம் பக்கம் பாதி வேலை தென்னையில்தான் வரும். மட்டையும் பன்னாடையும் நார். வெட்டும் கத்தி மட்டும் உள்ள சிப்பரில் அவை துண்டாகாமல் இழையிழையாகக் கிழிந்து, தண்டில் சுற்றிக்கொண்டு பேரிங்கை இறுக்கும். உங்கள் வேலையில் மட்டைதான் அதிகம் என்றால் சுத்தியல் தகடுகள் அடித்து நொறுக்கும் ஷ்ரெட்டர் வாங்குங்கள், அல்லது இரண்டும் சேர்ந்த மெஷின்.

கத்தியின் நிலையை அறிய மெஷினைப் பிரிக்க வேண்டியதில்லை. வெளியே விழும் துண்டை ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஓரம் சீராக, நகத்தளவு சில்லுகளாக இருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. ஓரம் பிய்ந்து, நாரும் தூளுமாக விழுந்தால் சாணை பிடிக்க வேண்டும். சாணை பிடித்தபின், சுழலும் கத்திக்கும் எதிரில் நிற்கும் நிலைக்கத்திக்கும் நடுவிலான இடைவெளியைக் கையேட்டில் சொன்னபடி வைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடைவெளி கூடினால் புதுக் கத்தியும் மழுங்கியது போலவே வேலை செய்யும். நம் கரையோர மணல் கத்திக்கு எமன். கிளையைத் தரையில் இழுத்து வராமல் தூக்கி வந்தாலே கத்தியின் ஆயுள் கூடும். வேரும் மண் ஒட்டிய அடிக்கட்டையும் உள்ளே போகவே கூடாது. சாலையோர மரமென்றால் விளம்பரத் தட்டி அடித்த ஆணி இருக்கும், புயலில் விழுந்ததென்றால் கேபிள் ஒயர் சுற்றியிருக்கும். தடவிப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும்.

இப்போது கைக்கு வருகிறேன். வாயின் புனல் நீளமாக இருக்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது கையை முழுசாக உள்ளே நீட்டுங்கள், விரல் கத்திக்கோ ரோலருக்கோ எட்டினால் அந்த மெஷின் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். ஏற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பட்டறையில் புனலை வெட்டிக் குட்டையாக்கித் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சின்னக் குச்சிகளைப் பெரிய கிளையோடு சேர்த்தோ, இன்னொரு நீளக் கழியாலோதான் தள்ள வேண்டும். லுங்கி, தோளில் துண்டு, தளர்ந்த மணிக்கட்டுள்ள கையுறை மூன்றும் மெஷின் பக்கத்தில் வரக் கூடாது, ஒரு கொப்பு மாட்டி இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். மரமேறும் கயிறு அதைவிட ஆபத்து. கீழே கிடக்கும் தழையோடு கயிற்றின் நுனி உள்ளே போனால், மறுநுனியில் மேலே தொங்கிக்கொண்டிருப்பது நம் ஆள். மேலே ஆள் இருக்கும்வரை கீழே மெஷினை ஓட்டாதீர்கள். கண்ணாடி, காதடைப்பான் இரண்டும் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை நிறுத்தினால் மட்டும் போதாது. கத்திச் சக்கரம் கனமானது, நிறுத்திய பிறகும் நெடுநேரம் சுற்றும். அது முழுசாக நின்ற பிறகு பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

அரைத்த சில்லை மரத்தடி மண்ணை மூடும் மூடாக்காகப் போடலாம், மரத்தண்டை ஒட்டாமல் மூன்று நான்கு விரல் உயரத்துக்கு. பச்சைச் சில்லை மண்ணுக்குள் கிளறினால் மட்கும்போது அது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். மட்கும் குவியலில் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும், எனவே தென்னந்தோப்பில் குவித்து வைக்காமல் பரப்பிவிடுங்கள். அரளிக் கிளையை மட்டும் தனியே ஒதுக்குங்கள். அதன் சில்லு மாடு மேயும் இடத்தில் விழுந்தால் மாட்டின் உயிர் போகும்.

கடைக்குப் போகும்போது உங்கள் வேலையிடத்திலிருந்து ஒரு கட்டுக் கவை உள்ள வேப்பங்கிளையும் நாலு தென்னை மட்டையும் எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் நேரான சவுக்குக் கழியை எந்த மெஷினும் அரைக்கும். உங்கள் கிளையை அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கண்ணெதிரே கத்தியைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்பேனர் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகிறது, இன்னொரு ஜோடிக் கத்தியும் பெல்ட்டும் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். கத்தி வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்றால், மெஷின் வாங்கும் அன்றே கூடுதலாக இரண்டு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.