முட்டி வலியா? தொடையைத் தொட்டுப் பாருங்கள்

முட்டி வலி என்று பிசியோதெரபிக்கு வருபவர்களில் பலர் கையில் எக்ஸ்ரேயோடு வருகிறார்கள். "தேய்மானம்னு சொல்லிட்டாங்க, இனி மாடியே ஏற முடியாது போல" என்பார்கள். நான் முதலில் காலை நீட்டி உட்காரச் சொல்வேன். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்வேன். அப்போது முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உட்பக்கத்தில் ஒரு தசை திரண்டு இறுக வேண்டும். வலிக்கிற காலில் பெரும்பாலும் அது பிசைந்த மாவு மாதிரி அமுங்கும். டேப் வைத்து அளந்தால் அந்தத் தொடையின் சுற்றளவும் குறைந்திருக்கும். தசையின் பலம் எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் தேய்மானம் அதிகமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். லேசாக இருந்தும் படாதபாடு படுபவர்களும் இருக்கிறார்கள்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து முனை ஆழமான குழிக்குள் பொருந்தி நிற்கிறது. முழங்காலில் அந்த வசதி இல்லை. தொடை எலும்பின் இரண்டு உருண்டை முனைகள், கீழே ஏறக்குறைய தட்டையான எலும்புப் பரப்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள், சுற்றியும் உள்ளேயும் எலும்போடு எலும்பைக் கட்டும் ஜவ்வுகள். மீதி வேலை முழுக்கத் தசைகளுடையது.

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து ஒரே தசைநாணாகிச் சில்லைப் பிடிக்கின்றன. அந்த இழுவை சில்லைத் தாண்டி, கணைக்கால் எலும்பின் மேட்டில் போய் முடிகிறது. சில்லுக்குக் கீழே விரல் வைத்தால் அந்த மேடு தட்டுப்படும். நாற்காலியிலிருந்து எழும்போது காலை நிமிர்த்துவது இந்தத் தசைகள்தான். படி இறங்கும்போது இவையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து பிரேக் பிடிக்கின்றன. அதனால்தான் இவை பலவீனமானவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருக்கிறது.

வலியும் வீக்கமும் வந்தால் நரம்புகள் இந்தத் தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகின்றன. தசை மெலிகிறது, மூட்டின் மேல் பாரம் கூடுகிறது, வலியும் கூடுகிறது. "ஓய்வா இரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று பிள்ளைகள் அன்போடு உட்கார வைப்பது இதை இன்னும் வேகப்படுத்துகிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. அசைவும் அழுத்தமும் இருந்தால்தான் அந்தத் திரவம் உள்ளே ஊறும். அசையாத முட்டி பட்டினி கிடக்கிறது என்றே நான் சொல்வேன். முட்டியில் மாட்டும் 'நீ கேப்' (knee cap) உறை போட்டால் கதகதப்பாக, பிடிமானமாக இருக்கும், போடுங்கள். ஆனால் தொடைத் தசையின் வேலையை அது செய்யாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மேலே சொன்ன துண்டுப் பயிற்சியே நல்ல ஆரம்பம். ஐந்து நொடி அழுத்தி விடுங்கள், மூச்சைப் பிடிக்க வேண்டாம். பத்து முறை, இரண்டு காலுக்கும், காலை மாலை. அது சுலபமானதும் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தால் கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருங்கள். லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயப்பட வேண்டாம். முட்டி வீங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலர் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

கீழே விழுந்த பிறகு முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது முட்டி பிடி தளர்ந்து மடங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ பயிற்சி வேண்டாம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தால் அன்றே போக வேண்டும்.