முகமூடிக்கு ரசீது இருக்கிறது, திரைப்படப் பாத்திரத்துக்கு இருக்கிறதா? பேய் வீடு நடத்துவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் பேய் வீடு, அதாவது ஹாலோவீன் காலத்தில் பார்வையாளர்களை அச்சுறுத்தி மகிழ்விக்கும் கேளிக்கை அரங்கு, நடத்துபவர்களுக்குப் பதிப்புரிமை, வணிக முத்திரை ஆகியவை குறித்து ஆலோசனை வழங்கும் வழக்கறிஞர் என்ற முறையில், என்னிடம் மிகுதியாக வரும் கேள்வி ஒன்று உண்டு. “திகில் படக் கொலையாளியின் முகமூடியை உரிமம் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாகத்தான் வாங்கினேன், ரசீதும் கையில் இருக்கிறது, அதை என் நடிகர் ஒருவர் அணிந்துகொண்டு இருட்டறையில் நிற்பதில் என்ன தவறு?” கேட்பவர்கள் பிறர் உழைப்பைத் திருட நினைப்பவர்கள் அல்லர். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த ரசிகர்கள். கோடை முழுவதும் தச்சு வேலை செய்துவிட்டு அக்டோபர் மாதத்தின் சில வார இறுதிகளில் மட்டுமே வருமானம் பார்க்கும் சிறு தொழில்முனைவோர். அல்லது நற்பணிக்கு நிதி திரட்டும் தன்னார்வலர்கள். அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் வேளை பெரும்பாலும் கதவு திறந்த பிறகுதான் அமைகிறது என்பதால், பலகை அறுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். இது பொதுவான விளக்கமே; தனிப்பட்ட சிக்கல் உள்ளவர்கள் தங்கள் ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை அணுகுவதே முறை.

முதலில் அந்த ரசீதைப் பார்ப்போம். சட்டப்படி தயாரிக்கப்பட்ட ஒரு பிரதியை விலை கொடுத்து வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம்; அது இருக்கும் இடத்துக்கு வரும் பார்வையாளர்களுக்குக் காட்சிப்படுத்தவும் செய்யலாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இதைத் தெளிவாக அனுமதிக்கிறது. ஆகவே முகமூடியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டுவது ஒரு செயல். அதை ஒரு நடிகருக்கு அணிவித்து, படத்தில் வரும் ஏரிக்கரை முகாமைப் பலகையால் எழுப்பி, படத்தில் வருவதுபோலவே அவரை நடக்கவும் வெட்டவும் வைத்து, நுழைவுச் சீட்டு விற்பது முற்றிலும் வேறு செயல். முன்னது காட்சிப்படுத்துதல். பின்னது ஒரு பாத்திரத்தைப் பொதுமக்கள் முன் நிகழ்த்துதலும் அதிலிருந்து வழிப் படைப்பு ஒன்றை, அதாவது மூலத்தைத் தழுவிய புதிய படைப்பை, உருவாக்குதலும் ஆகும். அந்த இரண்டு உரிமைகளும் முகமூடியின் விலைக்குள் அடங்குவதில்லை.

பாத்திரம் ஒன்றுக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டா என்பது அடுத்த கேள்வி. எல்லாப் பாத்திரங்களுக்கும் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுள் ஒன்றான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் பேட்மேனின் கார் தொடர்பான வழக்கில் மூன்று அளவுகோல்களைச் சொன்னது: பாத்திரத்துக்கு உருவமும் குணமும் இருக்க வேண்டும், எங்கே தோன்றினாலும் அதுதான் என்று அடையாளம் காணும் அளவுக்கு மாறாத தன்மைகள் இருக்க வேண்டும், வேறெங்கும் காணாத தனித்துவமும் இருக்க வேண்டும். ஒரு கார் இந்த அளவுகோலைக் கடந்துவிடும் என்றால், கருகிய முகமும் கோடு போட்ட கம்பளிச் சட்டையும் கத்தி விரல்களும் கொண்ட, ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களின் கொலையாளி ஃபிரெடி க்ரூகர் கடக்காமல் இருக்க வாய்ப்பில்லை. உண்மையில் முழு உருவம்கூடத் தேவைப்படவில்லை. கத்தி விரல் கையுறையை ஒத்த பொருளை விற்ற ஒரு நிறுவனத்தின்மீது அப்படங்களைத் தந்த நியூ லைன் சினிமா தொடுத்த வழக்கில், 2001இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் கையுறைக்கே பாதுகாப்பு உண்டு என்று கண்டது.

அதே வேளையில் சட்டம் பொதுவான கருத்துகளை யாருக்கும் சொந்தமாக்குவதில்லை. மரம் அறுக்கும் இயந்திரம் யாருடைய தனியுடைமையும் அல்ல. ஹாக்கி முகமூடி ஒரு விளையாட்டுக் கருவி. பேசாமல் பின்தொடரும் கொலையாளியும் எவருடைய சொத்தும் அல்ல. ஆனால் மனிதத் தோல் முகமூடி, இறைச்சிக் கடை மேலாடை, மரம் அறுக்கும் இயந்திரம், டெக்சஸ் பண்ணை வீட்டின் உணவு மேசை ஆகியவை ஒரே அறையில் சேரும்போது, பெயர் எழுதாமல் விட்டாலும் அது ‘டெக்சஸ் செயின்சா மாசக்கர்’ படத்தின் லெதர்ஃபேஸ்தான் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. “பெயரை மாற்றிவிட்டேன்” என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பார்வையாளர் வெளியே வந்ததும் தன் நண்பரிடம் அந்த அறையை எந்தப் பெயரால் சொல்வார்?

இதைவிடச் சிக்கலானது, ஒரே பாத்திரத்தின்மீது பலருடைய உரிமைகள் படிந்திருப்பதுதான். 1996ஆம் ஆண்டின் ‘ஸ்க்ரீம்’ படத்தில் வரும் அலறும் வெள்ளை முகமூடி படத்துக்காக உருவாக்கப்பட்டதன்று. ஃபன் வேர்ல்டு என்ற வேடப்பொருள் நிறுவனம் அதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே கதைக்கு ஒருவரிடமும் முகமூடிக்கு இன்னொருவரிடமும் போக வேண்டியிருக்கிறது. ஹாக்கி முகமூடிக் கொலையாளி ஜேசன் வரும் ‘ஃபிரைடே த தேர்ட்டீந்த்’ திரைப்படத் தொடரில் நிலைமை இன்னும் கடினம். 1980இல் வந்த முதல் படத்தில் கொலைகளைச் செய்பவர் ஜேசனின் தாய். ஜேசன் ஹாக்கி முகமூடி அணிவது 1982இல் வந்த மூன்றாம் படத்தில்தான். முதல் படத்தின் திரைக்கதையாசிரியர் விக்டர் மில்லர், எழுத்தாளர்கள் 35 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையை மீட்டுக்கொள்ள வழிசெய்யும் சட்டப்பிரிவைப் பயன்படுத்தினார்; அவர் ஊழியராக அன்றித் தனி ஒப்பந்தத்தில் எழுதியவர் என்பதால் அந்த மீட்பு செல்லும் என்று இரண்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பிந்தைய படங்களில் உருவான வளர்ந்த, முகமூடி அணிந்த ஜேசன் யாருக்கு உரியவர் என்பதை அந்தத் தீர்ப்பு முடித்து வைக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் வழக்காடிய தரப்புகளுக்கே எல்லைக்கோடு தெளிவாக இல்லாத ஒரு பாத்திரத்தை, யாரோ ஒருவரிடம் மின்னஞ்சலில் வாங்கிய வாய்மொழி போன்ற சம்மதத்தை நம்பி அரங்கில் ஏற்றுவது என் பார்வையில் பெரும் துணிச்சல்.

நடிகரின் முகம் இன்னொரு தளம். அசையும் பொம்மை வைக்க விரும்புபவர்கள் வெண்ட் வழக்கை அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனம், ‘சியர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் பயன்படுத்த பாராமவுண்டிடம் முறையாக உரிமம் பெற்று, விமான நிலைய மதுக்கூடங்களில் அத்தொடரின் இரு வாடிக்கையாளர் பாத்திரங்களை ஒத்த இயந்திர பொம்மைகளை உட்கார வைத்தது. அந்தப் பாத்திரங்களில் நடித்த ஜார்ஜ் வெண்ட், ஜான் ராட்சன்பெர்கர் இருவரும் தங்கள் சாயல் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக வழக்குத் தொடுத்தனர். 1997இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், பாத்திரத்துக்கான உரிமம் இருப்பதாலேயே நடிகரின் ஆளுமை உரிமை (தன் சாயலைப் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உரிமை) இல்லாமல் போய்விடாது என்று கூறி, விசாரணை தொடர அனுமதித்தது. இறந்த நடிகர்களின் நிலையும் மாறிவிட்டது. டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியின் வாரிசுகள் 1979இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதன் பிறகு அம்மாநிலம் சட்டம் இயற்றி மறைந்தவர்களின் சாயலுக்கும் பாதுகாப்பளித்தது, இப்போது அது இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள் வரை நீள்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி வேறுபடும். சிலிக்கான் முகமூடி ஒரு பாத்திரத்தின் ஒப்பனையோடு நில்லாமல் நடிகரின் தாடையையும் கண்களையும் அச்சாக எடுத்திருந்தால், ஸ்டுடியோவின் கையெழுத்து மட்டும் போதாது.

விளம்பரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் அனுபவத்தில் உரிமையாளர்களின் கண்ணில் முதலில் படுவது அரங்கின் உள்ளே இருப்பதல்ல, சுவரொட்டியும் சமூக ஊடகப் பதிவுமே. பாத்திரத்தின் பெயர், படத்தின் எழுத்துரு, முகம் ஆகியவற்றைப் போட்டு ஆள் அழைப்பது வணிக முத்திரைச் சிக்கலையும் சேர்த்து வரவழைக்கும். கீழே சிறிய எழுத்தில் “எங்களுக்கும் அந்நிறுவனத்துக்கும் தொடர்பில்லை” என்று எழுதுவது பெரும்பாலும் காப்பாற்றுவதில்லை. இசைக்கும் தனி அனுமதி வேண்டும். ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளின் பொது உரிமம் பின்னணியில் பாடல் ஒலிக்க உதவும். பாத்திரத்துக்கு அது எந்த உரிமையும் தராது.

நற்பணிக்காக நடத்துவதும், கட்டணம் வாங்காததும், ரசிகரின் அன்பும் தாமாகவே தற்காப்பாக நிற்பதில்லை. ஒவ்வொரு படைப்புக்கும் 750 முதல் 30,000 டாலர் வரை சட்டம் வகுத்த இழப்பீட்டை நீதிமன்றம் விதிக்கலாம். தெரிந்தே மீறியதாகக் கண்டால் 1,50,000 டாலர் வரை போகலாம். பல சிறிய அரங்குகளை ஸ்டுடியோக்கள் கண்டுகொள்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் கண்டுகொள்ளாமை என்பது அனுமதி அன்று, மேலும் அது எந்த ஆண்டு முடிவுக்கு வரும் என்பதை அரங்கு நடத்துபவர் தீர்மானிப்பதில்லை. யூனிவர்சல் பூங்காக்களின் ஹாலோவீன் நிகழ்ச்சிகளில் ஃபிரெடியும் ஜேசனும் லெதர்ஃபேஸும் வருகிறார்களே என்று சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் உரிமம் பெற்று வருகிறார்கள்.

உரிமம் கேட்க முடிவு செய்தால், எந்தப் படத்தின் எந்தத் தோற்றம், எந்த இடம், எந்தப் பருவம், விளம்பரத்தில் பெயர் போடலாமா, படக்காட்சியும் இசையும் சேருமா, நடிகரின் சாயலுக்குப் பொறுப்பேற்பது எந்தத் தரப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வடிவமைப்பை உரிமையாளர் பார்த்து ஒப்புதல் தர எடுக்கும் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பெரிய பூங்காக்களுக்குத் தனி உரிமை வழங்கப்பட்டிருந்தால், பணம் இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இனி நான் மிகவும் விரும்பிப் பேசும் பகுதிக்கு வருகிறேன். பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, எக்காலத்திலும் பாதுகாக்கப்படாதவை என்று பொதுப் பயன்பாட்டில் இருக்கும் அச்சங்கள் ஏராளம். அவற்றை மூல நூலிலிருந்து எடுப்பவர்கள் வெகு சிலரே. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தது. அதில் வரும் படைப்புயிர் 8 அடி உயரம், மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல் கொண்டது; தட்டையான தலையும் கழுத்து ஆணிகளும் அதற்கு இல்லை. அது பேசும், படிக்கும், தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கும். உறுமுவதற்கு மட்டுமே பழகிய நடிகரைவிட, இருட்டில் உங்கள் அருகே வந்து தெளிந்த குரலில் “என்னை ஏன் உருவாக்கினாய்?” என்று கேட்கும் நடிகர் எவ்வளவு ஆழமாக அஞ்ச வைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தட்டைத் தலை, யூனிவர்சலின் 1931ஆம் ஆண்டுப் படத்துக்காக ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனை. அந்தப் படத்தின் 95 ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் அமெரிக்காவில் 2026 இறுதியோடு நிறைவடைகிறது. ஆனாலும் பிந்தைய படங்களில் புதிதாகச் சேர்ந்த அம்சங்களும் வணிக முத்திரைகளும் அதோடு விடுதலை பெறுவதில்லை.

பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலில் டிராகுலா நீண்ட வெள்ளை மீசையுள்ள முதியவர், உள்ளங்கையில் ரோமம் முளைத்தவர், கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லியைப்போல் இறங்குபவர், பகலிலும் நடமாடுவார். சூரிய ஒளியில் அழிவது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படம் சேர்த்தது. அந்தப் படமே அனுமதியின்றி எடுக்கப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்து, 1925இல் ஜெர்மானிய நீதிமன்றத்தில் பிரதிகளை அழிக்கும் உத்தரவைப் பெற்றார். சில பிரதிகள் தப்பியதால்தான் நாம் அதை இன்று பார்க்கிறோம். ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ 1968இல் வெளியானபோது, தலைப்பை மாற்றிய விநியோகஸ்தர் பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு விடுபடலே படத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தள்ளியது. மனித இறைச்சி தேடித் தள்ளாடி வரும் பிணங்கள் இன்று எல்லோர் அரங்கிலும் நடமாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி எடுத்துச் சொந்தமாக வளர்க்கும் பாத்திரம் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமென்றால், அதைச் செய்து தரும் சிற்பியோடும் ஒப்பனைக் கலைஞரோடும் எழுத்து ஒப்பந்தம் தேவை. ஒரு நற்பணி அமைப்பு சிற்பம் செய்யச் சொன்ன வழக்கில், சுதந்திரமாகப் பணியாற்றும் சிற்பி அமைப்பின் ஊழியர் ஆகமாட்டார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் முடிவு செய்தது; மில்லருக்கு 2021இல் கைகொடுத்ததும் அதே கொள்கைதான். முழுப் பணம் கொடுத்திருந்தாலும், உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்துடன் இல்லாவிட்டால், பதிப்புரிமை செய்தவரிடமே தங்கிவிடும். அவர் அதே முகத்தை அடுத்த ஊர் அரங்குக்கும் செய்து கொடுக்கலாம். ஆகவே முதல் களிமண் மாதிரிக்கு முன்பணம் தரும்போதே, ஓவியங்கள், அச்சுகள், ஒப்பனை முறை, பாத்திரத்தின் பெயர், பின்கதை ஆகிய ஒவ்வொன்றும் உங்களுக்கு மாற்றப்படுகிறது என்று பெயர் சொல்லி எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மாதிரியின் தேதியிட்ட புகைப்படங்களையும் அந்த ஒப்பந்தத்தோடு இணைத்து வையுங்கள்.