பிளஸ் 2 முடிவு வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய கல்லூரிச் சான்றிதழ்கள்

பிளஸ் 2 முடிவு வந்த பிறகுதான் சான்றிதழ் வேலையைத் தொடங்குவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. அதையொட்டியே பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையப் பதிவு தொடங்கிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓட, வி.ஏ.ஓ. முதல் தாசில்தார் வரை மனுக்கள் குவிகின்றன. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), மதிப்பெண் பட்டியல் போன்ற பள்ளி ஆவணங்களுக்கு முடிவு வரை காத்திருக்கத்தான் வேண்டும். வருவாய்த் துறை தரும் சான்றிதழ்களுக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. பொதுத்தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடலாம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகிய நான்குக்கும் வழி ஒன்றுதான். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் வீட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். முதல் முறை என்றால் ஆதார் விவரங்களைக் கொடுத்து 'கேன்' எண் (விண்ணப்பதாரருக்கான அடையாள எண்) ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கு அதே எண் போதும். அந்தப் பதிவில் பெயரோ அப்பா பெயரோ தவறாக இருந்தால் அந்தத் தவறு எல்லாச் சான்றிதழிலும் வந்து உட்கார்ந்துவிடும். மையத்தில் தட்டச்சு செய்பவர் 'சப்மிட்' கொடுப்பதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பாருங்கள். அப்புறம் மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய், ஒப்புதல் கொடுக்கும் அதிகாரியிடம் சேரும். நிலவரம் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் என்பதால் வீட்டில் எப்போதும் இருக்கும் எண்ணைக் கொடுப்பது நல்லது.

சாதிச் சான்றிதழில் ஒப்புதல் தரும் அதிகாரி பிரிவுக்குப் பிரிவு மாறுவார். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளுக்குத் துணை வட்டாட்சியர் நிலையிலேயே முடிந்துவிடும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்குக் கோட்ட அளவில், அதாவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பழங்குடியினர் விண்ணப்பங்களில் விசாரணை நீளமாக இருக்கும். அந்தக் குடும்பங்கள் பிளஸ் 1 படிக்கும்போதே தொடங்கிவிட வேண்டும் என்றுதான் சொல்வேன். அப்பா, அம்மா அல்லது கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது ஏற்கெனவே சாதிச் சான்றிதழ் இருந்தால் அதை இணையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சிறு வயதில் எடுத்த பழைய கையெழுத்துச் சான்றிதழ் மட்டும் இருந்தால், கியூ.ஆர். குறியீடு உள்ள மின்னணுச் சான்றிதழாக மாற்றிக்கொள்வது பிற்பாடு பல அலைச்சல்களை மிச்சப்படுத்தும். தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். அந்த ஒதுக்கீட்டுக்குள் இடம் கேட்க இந்த ஒரு தாள்தான் சாட்சி. சரிபார்ப்பில் இது இல்லாவிட்டால் பொதுப்பிரிவில் வைத்துவிடுவார்கள்.

மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள், நீட் தேர்வின் அகில இந்திய ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு நம் மாநில பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் நிரந்தரம், ஓ.பி.சி. சான்றிதழை அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.பி.சி. சான்றிதழுக்கு உள்ள, ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற வரம்பைப் பார்த்து, "எங்கள் வீட்டில் இரண்டு பேர் சம்பளம், அதனால் கிடைக்காது" என்று விலகிவிடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை வேறு அளவுகோல். அது தனியாகப் பார்க்கப்படும். தகுதி இருக்கும் பிள்ளை தவறான கணக்கால் ஒதுக்கீட்டை இழப்பது வருத்தமான விஷயம்.

வருமானச் சான்றிதழில் சொல்ல அதிகமில்லை. ஓராண்டுதான் செல்லும். போன ஆண்டு ஜூனில் எடுத்தது இந்த ஆண்டு சேர்க்கையின்போது காலாவதியாகியிருக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இருப்பிடச் சான்றிதழ் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் அதைக் கேட்பதில்லை. வெளிமாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பியவர்களுக்குத்தான் அது முக்கியம்.

முதல் பட்டதாரி சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-11 கல்வியாண்டில் கொண்டுவந்த சலுகை இது. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்காத வீட்டிலிருந்து முதலாவதாகத் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். இதற்கு வருமான வரம்பு கிடையாது, சாதி வேறுபாடும் கிடையாது. அரசுக் கலந்தாய்வு வழியாக இடம் பெற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. பணம் கட்டி நேரடியாக ஒரு கல்லூரியில் 'சீட்டைப் பிடித்துவிடுவது' பாதுகாப்பு என்று நினைக்கும் பெற்றோர், நான்கு ஆண்டுக்கும் இந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

'குடும்பம்' என்றால் யார் யார் என்பதில்தான் குழப்பம் வரும். விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களோடு அப்பா வழி, அம்மா வழி தாத்தா பாட்டிகளின் படிப்பையும் கேட்பார்கள். தாத்தா பாட்டி இறந்துவிட்டாலும் விவரம் சொல்ல வேண்டும். சித்தப்பா, மாமா, அத்தை பட்டதாரிகளாக இருப்பது தடையாகாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அண்ணன் ஏற்கெனவே இதில் படித்திருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. இதில் சுய உறுதிமொழியும் கலந்தாய்வின்போது பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் உண்டு. வேறு பிள்ளை பட்டம் வாங்கியதை மறைத்து எழுதினால் பிற்பாடு நடவடிக்கை வரும். கூடப்பிறந்தவர்களின் படிப்புக்கு ஆதாரமாக அவர்களுடைய டி.சி. அல்லது மதிப்பெண் பட்டியலைக் கேட்கலாம். அதைத் தேடி எடுத்து வைத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்து, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான உரிமைகள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகளே. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, அப்புறம் ஒன்பது முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது.

ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களில் கதை வேறு. மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் இதே உதவி உண்டு. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள், "7.5 நமக்கு இல்லை" என்று கேட்டுவிட்டு இந்த 1,000 ரூபாயும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.

இந்த உரிமைகளுக்கெல்லாம் அடிப்படை, எங்கே படித்தீர்கள் என்ற பதிவு. அது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் (மாணவர் விவரங்களை இணையத்தில் பதிந்து வைக்கும் முறை) எண்ணில் இருக்கிறது. பிள்ளை இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால், பள்ளி இயங்கும் நாட்களிலேயே வகுப்பாசிரியரிடம் போய் எமிஸ் விவரத்தைச் சரிபாருங்கள். தலைமையாசிரியரிடம் ஆறு முதல் பிளஸ் 2 வரை படித்ததற்கான படிப்புச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். டி.சி.யில் பொதுவாகக் கடைசிப் பள்ளி மட்டும்தான் தெரியும்.

பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவதால், கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். வங்கிக்குப் போய், "உதவித்தொகை வருவதற்கு ஆதாரை இந்தக் கணக்கோடு இணைத்திருக்கிறீர்களா?" என்று அதையே குறிப்பிட்டுக் கேளுங்கள். கே.ஒய்.சி.க்கு, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்கு, ஆதார் நகல் கொடுத்தது வேறு, உதவித்தொகைக்கு இணைப்பது வேறு. 15 வயதுக்குப் பிறகு ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் இலவசம்.

அப்புறம் பெயர். பத்தாம் வகுப்புப் பட்டியலில் 'கே. செந்தில்குமார்', ஆதாரில் 'செந்தில் குமார் கருப்பசாமி', சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் 'கருப்பையா' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்பதை யார் நம்புவது? இன்ஷியல் முன்னால் பின்னால் இருப்பது பெரிய சிக்கலில்லை. எழுத்து மாறியிருந்தாலும் அப்பா பெயரே வேறாக இருந்தாலும்தான் தொல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். அந்தப் பட்டியலைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது எளிது.

ஸ்கேன் செய்யும்போது ஜெராக்ஸை வைக்காமல் அசலையே வையுங்கள். டி.சி.யை லேமினேட் செய்யாதீர்கள். எல்லாவற்றிலும் நான்கைந்து நகல் எடுத்து, சுய சான்றொப்பமிட்டு வைத்தால் போதும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி கேட்டால் என்ன செய்வது? பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. சேர்க்கையின்போது மாணவரின் முன்னிலையில் அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு, அசலை உடனே திருப்பித் தர வேண்டும். எந்தக் காரணம் சொல்லியும் அதைத் தங்கள் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது. டி.சி.யைக் கல்லூரிகள் வாங்கி வைப்பது இங்கே நடைமுறையில் இருக்கிறது. கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து மாறும்போது அந்தத் தாள்கள் மாட்டிக்கொண்டால் பிள்ளையின் ஓராண்டு போய்விடும். கட்டிய கட்டணத்துக்கும் அதே அறிவிக்கையில் விதி உண்டு. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்கள் முன்பே விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவாகக் கழிக்கக்கூடியது கட்டணத்தில் 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமாக ஆகத் திரும்பும் பங்கு 90, 80, 50 என்று குறைந்து, கடைசி நாள் முடிந்து 30 நாட்கள் கடந்தால் எதுவும் கிடைக்காது. கல்லூரி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மானியக் குழுவின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் பதியலாம். பணம் கட்டிய ரசீதும் விலகல் கடிதத்தின் நகலும் அதற்குத் தேவைப்படும்.