உயிரணு ஏடு

ஆய்வகத்தில் ஒரே விரிப்பாக வளர்த்து உறுப்பில் பதிக்கும் உயிரணுக்களை ஆங்கிலத்தில் "செல் ஷீட்" என்கிறார்கள். அதை "உயிரணுத் தகடு" என்று இன்னொரு முறை அச்சில் பார்த்தால் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிடுவேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கண் மருத்துவ முகாமில் கொடுத்த துண்டறிக்கையிலும் அதே கூத்துதான்: "உயிரணுத் தகடுகளை அறுவடை செய்து விநியோகிக்கும் முறை." அதை வாசிக்கக் கேட்ட ஓர் ஆச்சி, "ஏனப்பா, கண்ணுக்குள்ளேயுமா தகடு வைப்பார்கள்?" என்று பதறினார். பதறாமல் என்ன செய்வார்? தொடை எலும்பு முறிந்தால் திருகி வைப்பது தகடு. செய்வினை என்று வாசலில் தோண்டி எடுப்பதும் தகடு.

ஷீட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் துணி, விரிப்பு என்றுதான் பொருள். தாளும் உலோகத் தகடும் பிறகு வந்து ஏறியவை. மொழிபெயர்ப்பாளர் கடைசியில் வந்ததைப் பிடித்துக்கொண்டார்.

பொருளைப் பார்த்தால் சொல் தானே வரும். டோக்கியோவில் டெருவோ ஒகானோ குழுவினர் வளர்த்தெடுத்த நுட்பம் இது. வளர்ப்புத் தட்டின் அடியில் ஒரு பாலிமர் பூச்சு. 37 டிகிரி செல்சியஸில் அது நீரை ஒதுக்கும். உயிரணுக்கள் அதில் ஒட்டி, ஒன்றையொன்று பற்றிப் பரவும். சூடு 32 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூச்சு நீரை உறிஞ்சி உப்பும். ஒட்டியிருந்தவை முழு விரிப்பாகக் கழன்றுவரும். டிரிப்சின் என்ற நொதியால் பிரித்தால் உயிரணுக்கள் தனித்தனியாகச் சிதறிவிடும். இங்கே அடியில் உள்ள பசைப் புரதமும் கூடவே வருவதால், பெரும்பாலும் தையல் இல்லாமலே உறுப்பில் ஒட்டிக்கொள்ளும்.

காய்ச்சிய பால் ஆறியதும் மேலே படிவதை நாம் பாலேடு என்கிறோம். ஓரத்தில் விரலைக் கொடுத்தால் சுருங்கிக்கொண்டு முழுதாக எழும்பும். மென்மை, ஈரம், கிழியாமல் எடுக்க வேண்டிய பதற்றம் எல்லாம் ஏடு என்ற ஈரெழுத்துக்குள் இருக்கும்போது தகட்டுக்கு ஏன் போக வேண்டும்?

"உயிரணுப் படலம்" என்பவர்கள் இன்னொரு கட்சி. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடியில் படலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கம்பராமாயணக் காண்டத்தின் உட்பிரிவு. அதைக்கூட விட்டுவிடலாம். "கண்ணில் படலம் படர்ந்துவிட்டது" என்று நோயைச் சொல்கிற மக்களிடம், கண்ணில் படலம் வைக்கிறோம் என்றால் எவர் ஒப்புவார்? 2004-இல் கோஜி நிஷிதா குழுவினர் ஜப்பானில் நான்கு நோயாளிகளின் வாய்க்குள்ளிருந்து திசு எடுத்து, ஏடாக வளர்த்துக் கருவிழியின்மேல் பதித்தார்கள். பார்வையை மீட்கும் பொருளுக்குப் பார்வையை மறைப்பதன் பெயரா?

"செல் ஏடு" என்றும் எழுதிவிடாதீர்கள். செட்டிநாட்டு வீட்டுப் பரண்களில் செல்லரித்த ஏடுகள் ஏற்கெனவே நிறையக் கிடக்கின்றன. உயிரணு ஏடு என்று பிரித்தே எழுதலாம். புணர்த்தி "உயிரணுவேடு" என்றால், சட்டியின் வாய்க்குத் துணியால் கட்டும் வேடு உள்ளே நுழைந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஷீட் இருக்கிறதே, அதற்கு ஈடு வேண்டாமா என்று ஒரு தமிழாசிரியர் என்னோடு மல்லுக்கு நின்றார். பேலன்ஸ் ஷீட்டிலும் ஷீட் இருக்கிறது. வட்டிக்கடையில் அதை ஐந்தொகை என்றார்கள். தாளையும் தகட்டையும் தேடி யாரும் அலையவில்லை. தொழில் தெரிந்தவன் பொருளுக்குப் பெயர் வைக்கிறான், அகராதி மட்டும் தெரிந்தவன் சொல்லுக்குச் சொல் வைக்கிறான்.

துண்டறிக்கையில் இருந்த அறுவடையும் ஹார்வெஸ்ட் என்ற சொல்லுக்குச் சொல்லாக அப்படி வந்ததுதான். அரிவாள் எங்கே, கதிர் எங்கே? பிரித்தெடுத்தல் போதும். டெலிவரிக்கு வைத்த விநியோகம் ரேஷன் கடைக்கு இருக்கட்டும். 2020 ஜனவரியில் ஒசாகாவில், ஐபிஎஸ் உயிரணுக்களிலிருந்து (முதிர்ந்த உயிரணுவை எவ்வகை உயிரணுவாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பியவை) வளர்த்த இதயத்தசை ஏடுகளை ஒரு நோயாளியின் இதயத்தில் வைத்தார்களே, அதைப் பதித்தார்கள் என்றே எழுதலாம்.