சேற்றுக் கோடு காயுமுன்: வயலுக்கு இருக்கும் இலவசப் பயிர்க் காப்புறுதி

தம்பலகாமத்து வரம்பில் நின்றால், வெள்ளம் வந்துபோன வயல் எதுவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. எல்லாப் பயிரிலும் ஒரே மட்டத்தில் சேறு ஒரு கோடு போட்டிருக்கும். நாலு நாள் வெயில் எறித்தால் அது காய்ந்து உதிர்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் முழங்கால் வரை நின்றதா, கதிர் வரை நின்றதா என்று சொல்ல வாய்ச்சொல்தான் மிச்சம். நட்டஈடு கேட்டுப் போகிற பலர் தோற்பது இந்த நாலு நாளில்தான்.

இலங்கையில் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு அரசாங்கம் இலவசக் காப்புறுதி வைத்திருக்கிறது. கமக்காரர் தவணைப்பணம் கட்டத் தேவையில்லை. வெள்ளம், வரட்சி, காட்டு யானை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். நடத்துவது விவசாய, கமநலக் காப்புறுதிச் சபை. காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2013ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஒன்று வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் எல்லாம் வரி போக மிஞ்சும் இலாபத்தில் 1 சதவீதத்தைப் பயிர்க் காப்புறுதி அறவீடாகக் கட்ட வேண்டும் என்று வைத்தது. பயிர்க் காப்புறுதிக்கென்றே அறவிடும் பணம் அது. ஆகவே இது யாரும் இரங்கிப் போடும் பிச்சையல்ல, தயங்காமல் கேளுங்கள்.

2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது முழு நாசத்துக்கான உச்சத் தொகை. பயிர் எந்தப் பருவத்தில் போனது, வயலில் எவ்வளவு போனது என்று பார்த்துத்தான் கையில் வரும் தொகை தீர்மானமாகும். தொகையை அரசு இடையிடையே மாற்றுவதால், ஒவ்வொரு போகமும் கமநல சேவை நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் காலநிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் திட்டம் விளங்கும். நமக்கு மழை ஐப்பசியிலிருந்து தை வரை. பெரும்போகத்துக்கு அந்த மழையை நம்பித்தான் விதைக்கிறோம். குச்சவெளிப் பக்கத்து மானாவாரி வயல்களில் புழுதி விதைப்பு விதைத்தவர்களுக்கு வானம்தான் வாய்க்கால். மழை பிந்தினால் முளை கருகும். மார்கழியில் ஒரேயடியாகக் கொட்டினால் இளம்பயிர் மூழ்கும், ஒரு கிழமைக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்திலும் பூக்கும் நேரத்திலும் மழை நின்றுவிட்டால் கதிர் பதராகும். தை, மாசியில் அறுவடைக்கு நிற்கிற பயிர் சாய்ந்து நனைந்தால் நெல் கதிரிலேயே முளைக்கும். ஒரே மழை, பயிரின் வயதைப் பொறுத்து நல்லதாகவும் கெட்டதாகவும் ஆகிறது.

சிறுபோகம் வேறு கதை. வைகாசிக்குப் பிறகு நமக்குக் கச்சான் காற்றும் வெயிலும்தான். கந்தளாய்க் குளத்திலும் அல்லை வாய்க்காலிலும் வருகிற தண்ணீரை நம்பித்தான் செய்கை. அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு மலைநாட்டில் தென்மேற்குப் பருவம் பெய்கிற மழை. அங்கே பொய்த்தால் இங்கே கடைமடை வயல்தான் முதலில் வெடிக்கும். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஆறு என்பதால் இது மறுபக்கமும் வேலை செய்கிறது. நம் தலைக்கு மேல் மழை விட்ட பிறகும் மேலிருந்து வந்த வெள்ளம் மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்று வயல்களை மூடும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு மாவிலாற்று அணை உடைந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். வரட்சிக்கு 2016/17 பெரும்போகம் போதும்: நாடு முழுவதும் மழை பொய்த்து, 2017இல் நெல் விளைச்சல் முந்திய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

சரி, காப்புறுதி யாருக்குச் செல்லும்? கமநல நிலையத்தின் காணி இடாப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. இங்கேதான் என் மாமா மாட்டினார். மூதூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்தார். பிஜி 352 விதைநெல், வாடகை உழவு இயந்திரம், உரம் எல்லாம் அவர் காசு. வெள்ளம் வந்து வயல் போனது. இடாப்பில் இருந்ததோ கொழும்பில் இருக்கிற காணிக்காரர் பெயர். "தம்பி, நான் விதைச்சதை ஊரே பார்த்தது, கடதாசி மட்டும் பார்க்கல்ல" என்றார் மாமா. அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. குத்தகைக்குச் செய்பவர்கள் விதைக்கும் முன்பே காணிக்காரரோடு பேசி, தங்கள் பெயரைச் செய்கையாளராகப் பதிந்துகொள்ளுங்கள். ஏக்கர் வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கமக்கார அமைப்பில் அங்கத்துவமும் தேவை. இந்தப் பதிவு உரமானியத்துக்கும் உதவும் என்பதால் ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடியும்.

அடுத்தது விதைப்புத் திகதி. போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, எத்தனை மாத நெல் போடுவது எல்லாம் அங்கேதான் தீர்மானம். அந்தத் திகதிக்குப் பிறகு விதைத்த வயலுக்கு நட்டஈடு கேட்டால் முதலில் வரும் கேள்வி அதுதான். உழவு இயந்திரம் கிடைக்காமல் பத்து நாள் பிந்துவது நமக்குச் சாதாரணம். பிந்தினால் உங்கள் வயல் வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையிடமும் கமக்கார அமைப்பிடமும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்துவிட்டுப் பிறகு சண்டை பிடிப்பதில் பலனில்லை, போய்க் கையைத் தூக்கிப் பேசுங்கள்.

சேதம் நடந்தால் தண்ணீர் வடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கோ அடுத்த நாளோ கமநல நிலையத்துக்கு அறிவித்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். வயலில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் மட்டம் தெரியப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு மரமோ மதகோ கட்டாயம் படத்தில் விழட்டும், யாருடைய வயல் என்று சந்தேகம் வராது. யானை மிதித்த வயலென்றால் அடித்தடம் மழையில் கரையுமுன் எடுங்கள். கந்தளாய், மொறவெவப் பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். உத்தியோகத்தர்கள் வந்து பார்க்கும்வரை வயலை உழுதுவிடாதீர்கள். மறுபடி விதைத்தே ஆக வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இடாப்பில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஐப்பசி விதைப்புக்கு முன் ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள்.