ப்ளூபிரிண்ட்டில் நீலம் எப்படி வந்தது?

வீடு கட்டுகிறவருக்கு ப்ளூபிரிண்ட் என்றால் அனுமதி வாங்கக் கொடுக்கும் பிளான். பிளஸ் டூ எழுதியவரைக் கேட்டால் வேறு பதில் வரும்: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று சொல்லும் அட்டவணை. அதை வைத்துக்கொண்டு "இந்த மூணு பாடத்தைத் தொடவே வேணாம்" என்று கணக்குப் போட்ட தலைமுறையே தமிழ்நாட்டில் உண்டு. பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள். சினிமாவில் வங்கிக் கொள்ளைக்கு ப்ளூபிரிண்ட், கட்சி ஆபீசில் தேர்தலுக்கு ப்ளூபிரிண்ட். உயிரியல் வகுப்புக்குப் போனால் டி.என்.ஏ.தான் உடலின் ப்ளூபிரிண்ட்.

இவற்றில் எதிலும் இன்று நீலம் இல்லை. ஒரு காலத்தில் தாள் முழுக்கவே நீலமாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஒரு பாலமோ ரயில் எஞ்சினோ கட்ட வேண்டுமென்றால், ஒரே வரைபடம் பட்டறைக்கும் வேண்டும், வார்ப்புக்கூடத்துக்கும் வேண்டும், வேலை நடக்கும் இடத்துக்கும் வேண்டும். ஜெராக்ஸ் இல்லாத காலம். ஆட்களை உட்கார வைத்துக் கையால் பார்த்து வரைவதுதான் வழி. நேரமும் கூலியும் ஒருபுறம் இருக்கட்டும், ஒவ்வொரு நகலிலும் ஒரு புதுத் தவறு நுழையலாம் என்பதுதான் பெரிய தலைவலி.

இதற்கான தீர்வு ஒரு வானியலாளரிடமிருந்து வந்தது. ஜான் ஹெர்ஷல் 1842இல் எந்தெந்த வேதிப்பொருள் வெளிச்சத்தில் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இரும்பு உப்புகளை வைத்துப் படம் எடுக்கலாம் என்று கண்டார். சயனோடைப் என்று பெயர் வைத்தார். அன்றைய புகைப்படக்கலை வெள்ளியை நம்பியிருந்தது, இரும்பு மலிவு.

செய்முறை வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளிது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளைத் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, பிறகு கலந்து, மங்கலான அறையில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன்மேல் டிரேசிங் துணியில் கறுப்பு மையால் வரைந்த மூலப் படத்தை விரித்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டும்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் துணியை ஊடுருவித் தாளில் படுகிறது. சிட்ரேட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குப் போகிறது. மூன்று எலக்ட்ரான் குறைந்து +3 நிலையில் இருந்த இரும்பு, இரண்டு மட்டும் குறைந்த +2 ஆகிறது. அது பக்கத்திலேயே காத்திருக்கும் ஃபெரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலம் என்ற, தண்ணீரில் கரையாத நிறமியாகிறது. கறுப்புக் கோட்டுக்குக் கீழே கதிர் படாததால் அங்கே எதுவும் நடப்பதில்லை. கடைசியில் தாளை எடுத்துத் தண்ணீரில் அலச வேண்டும், அவ்வளவுதான். கதிர் படாத உப்பு கரைந்து ஓடிவிடும், அந்த இடத்தில் தாளின் வெள்ளை தெரியும். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் வந்தது இப்படித்தான். மழைக்காலத்தில் நகல் எடுப்பவர்கள் பாடு திண்டாட்டம். மின்வில் விளக்கு வந்த பிறகுதான் வானம் பார்ப்பது நின்றது.

இந்த முறையைப் பொறியாளர்கள் கையில் எடுக்க 1870கள் வரை ஆயிற்று. அதற்கு வெகு முன்பே, 1843இல், அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேரடியாகத் தாள்மேல் பரப்பி, நீலப் பின்னணியில் அவற்றின் வெள்ளை நிழல்களைப் பதித்துத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கிவிட்டார். புகைப்படங்களால் ஆன முதல் நூல் என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

சரி, இரும்பு சேர்ந்தால் ஏன் நீலம்? பிரஷ்யன் நீலத்தின் படிகத்தில் +2 இரும்பும் +3 இரும்பும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இணைக்கும் நடுவே கார்பனும் நைட்ரஜனும் பாலமாக நிற்கும். ஓர் இரும்பிலிருந்து அடுத்த இரும்புக்கு எலக்ட்ரான் தாவ வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒளியில் அந்த ஆற்றல் சரியாக இருக்கிறது. படிகம் அதை விழுங்கிவிடும், மிச்சம் நீலம் நம் கண்ணுக்கு வரும். இரண்டு நிலைகளும் சேர்ந்து இருந்தால்தான் இந்தத் தாவல், இந்த நிறம். கடும் வெளிச்சத்தில் நாள்கணக்கில் கிடந்தால் +3 இரும்பும் +2 ஆகிவிடுவதால் நீலம் வெளுக்கும். அப்படி வெளுத்த தாளைக் காற்றுப்படும் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட காரத்தைக் கண்டால் பிரஷ்யன் நீலம் சிதைந்துவிடும். வரைவாளர்கள் அதையும் பயன்படுத்திக்கொண்டார்கள்: சலவைச் சோடாக் கரைசலில் பேனாவைத் தொட்டு எழுதினால் நீலத் தாளில் வெள்ளை எழுத்து விழும், திருத்தம் செய்ய அதுதான் மை. தண்ணீரில் அலசிக் காயவைத்த தாள் கொஞ்சம் சுருங்குவதால், நகல் மீது ஸ்கேல் வைத்து அளந்தால் அளவு தவறும். "அளக்காதே, எழுதியிருக்கும் அளவைப் பின்பற்று" என்று வரைபடத்தின் ஓரத்தில் குறிப்புப் போடும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். கணினியில் வரைந்து பிரிண்டரில் எடுக்கும் பிளானிலும் அந்தக் குறிப்பைப் பார்க்கலாம்.

நம் ஊர் எஞ்சினியர்கள் நீண்டகாலம் புழங்கியது உண்மையில் ப்ளூபிரிண்ட்டே அல்ல, அம்மோனியா பிரிண்ட். அதில் இரும்பு கிடையாது. டயசோனியம் என்ற சேர்மம் பூசிய தாள். வெளிச்சம் பட்ட இடத்தில் அது சிதைந்துபோகும், கோட்டின் நிழலில் தப்பித்தது அம்மோனியா ஆவி பட்டதும் சாயமாகும். ஆகவே வெள்ளைத் தாளில் நீலக் கோடு, முந்தையதற்கு நேர் எதிர். அலசவோ உலர்த்தவோ வேண்டியதில்லை. மூக்கைத் துளைக்கும் நெடியோடு சுருட்டிக் கொடுத்த அந்தத் தாளையும் எல்லாரும் ப்ளூபிரிண்ட் என்றே அழைத்தார்கள்.

பிரஷ்யன் நீலத்துக்கு இன்னொரு வேலையும் வாய்த்தது. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்காகப் பிரித்தார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பலர் உடலுக்குள் போய்விட்டது, 4 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு விழுங்கக் கொடுத்த மருந்து பிரஷ்யன் நீலம். அதன் படிகக் கூட்டின் இடைவெளியில் சீசியம் அயனி சிக்கிக்கொள்ளும், குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும்.

டி.என்.ஏ.வை ப்ளூபிரிண்ட் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் கட்டடத்தில் அதற்கு ஒரு சுவர் இருக்கும். கட்டி முடித்த வீட்டை டேப் பிடித்து அளந்து பிளானைத் திரும்ப வரைந்துவிடலாம். டி.என்.ஏ.வில் இந்த ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இல்லை. சுமார் 300 கோடி எழுத்துகளில் மூக்குக்கு என்று ஒதுக்கிய பக்கம் கிடையாது. ஒருவரின் மூக்கை எவ்வளவு அளந்தாலும் அவருடைய மரபணு வரிசையை எழுதிவிட முடியாது. சமையல் குறிப்போடு ஒப்பிடுவது ஓரளவு பொருந்தும்: சாம்பாரின் ஒரு கரண்டியைக் காட்டி, இது குறிப்பின் எந்த வரி என்று கேட்க முடியாதல்லவா?

இதற்கு சி.சி. என்ற பூனைதான் நல்ல சாட்சி. 2001 டிசம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் குளோனிங் முறையில் பிறந்த முதல் பூனை. மூலப் பூனையான ரெயின்போவுக்கு மூன்று நிறம், அதில் ஆரஞ்சும் ஒன்று. சி.சி.க்கு வெள்ளையும் பழுப்பு வரிகளும் மட்டும்தான், ஆரஞ்சு அறவே இல்லை. பூனைக்கு ஆரஞ்சு நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. கருவில் ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அணைத்துவிடும். எது எங்கே அணைகிறது என்பதைப் பொறுத்துத்தான் திட்டுகள் விழும். சி.சி.யை உருவாக்க எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் அணைந்திருந்தது, குளோனிங்கில் அது மீண்டும் விழித்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் திட்டுகள் விழுந்த இடமும் வேறு. கருவில் நிறமிச் செல்கள் முதுகுப் பக்கமிருந்து நகர்ந்து எதுவரை போய்ச் சேர்ந்தன என்பதைப் பொறுத்த விஷயம் அது. எழுத்து மாறாத ஒரே டி.என்.ஏ.வைக் கொடுத்தாலும் அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும்.