கோர்ட்டுக்குப் போகும் நாளுக்கு என்ன லீவு?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து தொழிலாளர் சட்ட ஆலோசனைக்கு வரும், அடிபட்டு வழக்குப் போட்ட பெண்கள் பலருக்கு, அடித்தவனை விட வேலை போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது. "அக்கா, மறுபடி கோர்ட்டுக்கு வரச் சொல்றாங்க. சூப்பர்வைசர்கிட்ட என்னன்னு சொல்றது?"

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி விடுப்பு கிடையாது. குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு 3 நாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, நெருங்கிய உறவில் சாவு, இவற்றுக்குத்தான். இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

ஆனால் நோய் விடுப்பு இருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் மூன்று வருடத்துக்கு 30 நாள். உடம்பில் காயம் இருந்தால்தான் என்றில்லை. தூக்கம் போய், கை நடுங்கி, மெஷினில் உட்கார முடியாத நிலைக்கும் பதிவுபெற்ற உளவியலாளர் சான்று தரலாம். அதில் அடிபட்ட கதை எதுவும் எழுத வேண்டாம். இத்தனை நாள் வேலை செய்ய இயலாது என்றிருந்தால் போதும். கடையில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்தார்கள் என்றால், அதனால் வந்த பாதிப்பு வேலையில் நேர்ந்த காயம். வேலையில் காயம்பட்டவர்களுக்குப் பணம் தரும் அரசின் இழப்பீட்டு நிதிக்கு முதலாளி தெரிவித்தாக வேண்டும். சொந்த லீவைக் கரைக்காதீர்கள். வேலையிடத்திலேயே கடுமையான துன்புறுத்தல் நடந்து, நோய் விடுப்பும் தீர்ந்துவிட்டதா? மருத்துவர் கவுன்சலிங் தேவை என்று சொன்னால், கூடுதல் சம்பள விடுப்பைப் பரிசீலிக்கும்படி வேலையிடத் துன்புறுத்தல் பற்றிய 2022ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் முதலாளியிடம் சொல்கின்றன.

கோர்ட்டு நாளுக்கு வருடாந்திர விடுப்போ, சம்பளமில்லா விடுப்போ கேட்க வேண்டியதுதான். வாயால் கேட்காமல் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும்: "வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போக வேண்டும். சம்மன் நகல் இத்துடன். சம்பளமில்லா விடுப்பு வேண்டுகிறேன்." சாட்சி சம்மனை மீறினால் குற்றம் என்பதை மேலதிகாரிகளில் பலர் அறிவதில்லை. சொல்லாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து. அதை ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவார்கள்.

அடித்தவன் உங்களை நெருங்காதபடி கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போது, அவன் உங்கள் வேலையிடத்துக்குள் வரக்கூடாது என்றும் சேர்த்துக் கேளுங்கள். மாஜிஸ்திரேட் அப்படி உத்தரவிடலாம். நகல் ஒன்று கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் இருக்கட்டும்.

அப்படியும் வேலையை விட்டு நீக்கினால், 30 நாளுக்குள் சிசிஎம்ஏ (CCMA) என்ற தொழில் தகராறு தீர்க்கும் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை.